பாலம் தாண்டிய பிறகு

இப்போதெல்லாம் ஸ்டியரிங்கைப் பிடித்ததுமே, ஓட்டுபவரின் நாடியைக் கார் பார்க்கும். படபடப்பு இருந்தால் கிளம்பாது. வழியில் படபடத்தால் ஓரமாக நின்றுவிடும். விபத்துகள் அப்படித்தான் குறைந்தன.

அன்று மத்தியானம் சவரிமுத்துவுக்கு நெஞ்சு வலித்தது. ஆம்புலன்ஸ் வர முக்கால் மணி நேரமாகும் என்றார்கள். மனைவி ஜெசிந்தா அவரைக் கார் பின்சீட்டில் படுக்கவைத்து, ஸ்டியரிங்கைப் பிடித்தாள். மூன்று முறை பிடித்தும் கார் கிளம்ப மறுத்தது.

"ஒண்ணுமில்ல ஜெசி. மார்க்கெட்டுக்குப் போற மாதிரி நெனச்சுக்கோ," என்றார் அவர்.

அவள் கண்ணை மூடி மூச்சை இழுத்துவிட்டாள். கார் கிளம்பியது. முன்னால் போன லாரிக்கு இடைவெளி விட்டு, வளைவுகளில் வேகம் குறைத்து ஓட்டினாள். சாயங்காலம் என்ன மீன் வாங்கலாம் என்று அவரிடம் கேட்டுக்கொண்டே வந்தாள். அவரும் முனகலாகப் பதில் சொன்னார். ஆற்றுப்பாலம் தாண்டியதும் பதில் வரவில்லை. அவள் பேச்சை நிறுத்தவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சவரிமுத்துவின் நாடியைப் பார்த்துவிட்டுக் கையைக் கீழே வைத்தார்.

"எப்பம்மா பேச்சு நின்னுச்சு?"

"பாலத்துக்கிட்ட."

"திரும்பிப் பாக்கலையா?"

"பாத்திருந்தா கார் நின்னிருக்குமே டாக்டர்," என்றாள் ஜெசிந்தா.

அப்போதுதான் அவள் உடம்பு நடுங்கத் தொடங்கியது.