பல் வெட்டு

தோட்டத்து ஆபீஸில் பூவிழி வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதும், சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டியிருந்த வெள்ளைக்காரன் காலத்துச் சஞ்சிக்கூலி ஒப்பந்தப் பத்திரத்தின் பாதியை ஆபீஸ் கணக்கரான கிராணி அய்யாசாமி காட்டினார்.

"அப்பல்லாம் ஒரே தாள்ல ரெண்டு தடவ எழுதி, நடுவுல பல்லுப் பல்லா வெட்டி, ஆளுக்குப் பாதி வச்சுக்குவாங்க. இந்த ஒப்பந்தத்துக்கு இங்கிலீஷ்ல இண்டெஞ்சர்னு பேரு, பல்லு வெட்டுனதுன்னு அர்த்தம்லா. ரெண்டு பாதியும் பொருந்துனா ஆளு தப்ப முடியாது."

மறுநாள் காலையில், வீட்டுப் பெட்டியில் வைத்திருந்த அவளுடைய புது ஒப்பந்தத் தாளின் ஓரம் பல்லுப் பல்லாக இருந்தது. எலியாக இருக்கும் என்று நினைத்தாள். ஆனால் இரவெல்லாம் பெட்டி பூட்டியே இருந்தது. சாவி அவள் கழுத்தில் கிடந்தது.

ஆபீஸில் கிராணி முதுகைக் காட்டித் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தார். பூவிழி சத்தமில்லாமல் தன் தாளைச் சட்டத்தின் கண்ணாடிமேல், பழைய பத்திரத்தின் வெட்டு ஓரத்தோடு சேர்த்து வைத்துப் பார்த்தாள். ஒரு பல்கூட விலகவில்லை.

கிராணி திரும்பாமலே கேட்டார்:

"பொருந்திடுச்சா?"