ஒளிராத கைப்பட்டை

டெல்லிபாபு கால்பந்து லீக் புள்ளிகளைக் கணக்குப் போட்டுப் பார்த்தார். இன்று ராயபுரம் ஜெயித்தால் பெரம்பூர் வெளியேறும். அவருடைய வியாசர்பாடி இரண்டாமிடம் பிடித்து, சொந்த மைதானத்தில் அதே ராயபுரத்தோடு அரையிறுதி ஆடும்.

"இன்னிக்கு ஒரு நாள் ராயபுரத்துக்குக் கத்து எழிலு," என்றார் மனைவியிடம்.

மனசு உண்மையாகத் துள்ளினால்தான் ரசிகர்களின் கைப்பட்டை ஒளிரும். கல்யாணமான பதினொரு வருடத்தில் வியாசர்பாடியின் எந்த கோலுக்கும் எழிலரசியின் பட்டை ஒளிர்ந்ததில்லை. அவர் இரண்டு முறை ரிப்பேருக்குக் கொடுத்தும், பழுதில்லை என்றே திருப்பித் தந்தார்கள்.

ராயபுரம் கோல் போட்டது. அவள் பட்டை பளீரென்று எரிந்தது.

எழிலரசி கையை முந்தானைக்குள் மறைத்தாள். "பொறந்த ஊருங்க... மனசை விட்டுப் போக மாட்டேங்குது."

டெல்லிபாபு முந்தானையை விலக்கி அந்த ஒளியைப் பார்த்தார்.

"அரையிறுதிக்கு நீ அவங்க பக்கமே உக்காரு. ஜெயிச்சீங்கன்னா மட்டும் என்னப் பாத்து சிரிக்கக் கூடாது, ஆமா."