திரும்பாத விருந்தாளி

விசிட்டர் விசாவில் வந்தவர்களில் எத்தனை பேர் ஊர் திரும்பவில்லை என்று கணக்கெடுப்பதுதான் அந்த அதிகாரியின் வேலை. வந்தவர்களிலிருந்து போனவர்களைக் கழித்து, மிச்சத்தை மேலிடத்துக்கு அனுப்புவார். அதனால் அலுவலகத்தில் அவருக்குப் பெயரே 'கழித்தல்'.

இந்த வருடம் மேலிடத்துக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கம்ப்யூட்டர் காட்டும் மிச்சம் நிஜமான மிச்சம்தானா? நூறு வீடுகளுக்கு நேரில் போய்ப் பார்த்துவிட்டு வா என்று உத்தரவு. கழித்தல் காலை பத்து மணிக்கு மூச்சு வாங்க மூன்று மாடி ஏறி, முப்பத்தேழாவது வீட்டின் அழைப்பு மணியை அழுத்தினார்.

பட்டியலில் இருந்தது அறுபத்திரண்டு வயது அம்மா ஒருவர். மகளின் பிரசவத்துக்கு ஆறு மாத விசாவில் வந்தவர். விசா முடிந்து நாலு மாதம் ஆகிறது.

கதவு ஒரு சாண் திறந்தது. மருமகன் எட்டிப் பார்த்தான். அடையாள அட்டையைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்தது.

"அத்தைதானே? அவங்க அப்பவே ஊருக்குப் போயிட்டாங்களே சார்!"

கழித்தல் இன்னும் வாயையே திறக்கவில்லை.

"உள்ளே வரலாமா?" என்று கேட்டுக்கொண்டே வந்துவிட்டார்.

கைக்குழந்தை இருக்கிற வீடு மாதிரியே இல்லை. தரை பளபளத்தது. குட்டிச் சட்டைகள் மடித்து அடுக்கப்பட்டிருந்தன. கணவன், மனைவி இரண்டு பேரும் இஸ்திரி கலையாத உடுப்பில் அலுவலகம் கிளம்பத் தயாராக நின்றார்கள். மகளின் கையில் பத்து மாதக் குழந்தை.

"ரெண்டு பேரும் வேலைக்குப் போறீங்க. குழந்தையை யாரு பார்த்துக்கறாங்க?"

"நாங்கதான்" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

கழித்தல் படிவத்தைக் கீழே வைத்துவிட்டுச் சற்று முன்னால் சாய்ந்தார். "ராத்திரி நல்லாத் தூங்குதா?"

"எட்டு மணிக்குப் படுத்தா காலையில ஆறு மணிக்குத்தான் எழுந்திருக்கும்" என்றாள் மகள் பெருமையாக.

"நடுவுல ஒரு தடவைகூட எழுந்திருக்காதா?"

"எழுந்திருக்காது சார்."

"சாப்பிட அடம் பிடிக்குமா?"

"இல்லையே!"

துப்பறிகிறவர்கள் இப்படித்தான் சுற்றி வளைத்துக் கேட்பார்கள் என்று மருமகனுக்குத் தெரியும். அவனுக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

அந்த நேரம் பார்த்துக் குழந்தை வீறிட்டது. மகள் ஆட்டினாள், குலுக்கினாள், கிலுகிலுப்பையைக் காட்டினாள். சத்தம் ஏறியதே தவிர இறங்கவில்லை. திடீரென்று உள்ளேயிருந்து மெல்லிசாக ஒரு தாலாட்டு கேட்டது. குழந்தையின் அழுகை சுவிட்சை அணைத்ததுபோல நின்றது.

"பக்கத்து வீட்டு ரேடியோ சார்" என்றான் மருமகன்.

"குழந்தையை மல்லாக்கப் போடாதேடி! தோள்ல சாய்ச்சு முதுகைத் தடவு!" என்றது ரேடியோ.

கழித்தல் எழுந்து உள்ளே நடந்தார். சாமான் அறைக்குள்தான் அந்த அம்மா ஒளிந்திருக்க வேண்டும். ஆனால் கதவு வெளிப்பக்கம் தாழிட்டிருந்தது. தாழை விலக்கினார்.

அம்மா கையில் பெட்டியோடு தயாராக நின்றிருந்தார்.

"வாங்க தம்பி. வண்டி கொண்டு வந்திருக்கீங்களா?"

கழித்தல் பெட்டியையும் வெளித்தாழையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஆறு மாசம்னுதான் வந்தேன். பல்லு முளைக்கட்டும்மா, அப்புறம் போலாம்னா. முளைச்சுது. தவழட்டும்னா. தவழ்ந்தாச்சு. இப்போ பள்ளிக்கூடத்துல சேர்த்துட்டுப் போலாம்ங்கறா! பாஸ்போர்ட்டை எங்கேயோ ஒளிச்சு வச்சிட்டாங்க. காலிங் பெல் அடிச்சா என்னை உள்ளே தள்ளித் தாழ் போட்டுடறாங்க. அங்கே எங்க வீட்டுக்காரருக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது. பத்து மாசமா என்ன சாப்பிடறார்னு கேட்டா பேச்சை மாத்தறார்."

மகள் கண்ணைக் கசக்கினாள். "நீ போயிட்டா நாங்க என்னம்மா பண்ணுவோம்?"

"நான் உன்னை வளர்க்கறப்போ யாரைப் பூட்டி வச்சேன்?"

கழித்தலுக்கு அதுவரை இல்லாத கம்பீரம் வந்தது. "விசா முடிஞ்சவங்களைத் தங்க வச்சதே தப்பு. பூட்டி வச்சது அதைவிடப் பெரிய குற்றம். போலீஸைக் கூப்பிடட்டுமா, பாஸ்போர்ட்டை எடுக்கறீங்களா?"

மருமகன் வாசலோரம் கிடந்த தன் பழைய ஷூவுக்குள் கையை விட்டு, சாக்ஸுக்குள் சுருண்டிருந்த பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினான்.

"அங்கேயா இருந்தது? அந்த நாத்தத்துக்குப் பயந்துதான் மாப்பிள்ளை, நான் அந்தப் பக்கமே தேடலை!"

அம்மா பேத்தியை வாங்கி உச்சி முகர்ந்தார். கண் கலங்கியது. இன்னும் ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. பேத்தி மறுபடி சிணுங்க ஆரம்பித்ததும் பட்டென்று மகளிடம் கொடுத்துவிட்டு, பெட்டியோடு மூன்று மாடியையும் கழித்தலுக்கு முன்னால் இறங்கிவிட்டார்.

காரின் பின்சீட்டில் சாய்ந்து, பத்து மாதம் அடக்கி வைத்திருந்த பெருமூச்சை விட்டார்.

"நேரா ஏர்போர்ட்தானே தம்பி?"

"எல்லாம் நான் பார்த்துக்கறேம்மா. பாஸ்போர்ட்டை இப்படிக் கொடுத்துட்டு நிம்மதியா உட்காருங்க."

"நீங்க நல்லா இருக்கணும்!"

கழித்தல் கார்க் கதவை மெதுவாகச் சாத்தினார். பட்டியலில் முப்பத்தேழாவது பெயருக்கு நேராக 'நாடு திரும்பிவிட்டார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு நாலடி தள்ளிப் போய் மனைவியின் எண்ணை அழுத்தினார்.

"ஆள் கிடைச்சாச்சு. பத்து நிமிஷத்துல கூட்டிட்டு வந்துடறேன், நம்ம ரெட்டைப் பசங்க ரூம்ல இன்னொரு கட்டில் போட்டு வை!"