முதுகில் ஒரு ஊசி

"இது வார்டா, சந்தையா?" கட்டிலைச் சுற்றி நின்றவர்களை நர்ஸ் விரல் விட்டு எண்ணினாள். "அம்மா, அப்பா, அத்தை, சின்ன டாக்டர், நான். அவ மூச்சு விடக் கொஞ்சம் காத்தாவது மிச்சம் வைங்க."

கட்டிலில் கிடந்த பெண் கண்ணைத் திறக்கவில்லை. காய்ச்சல், வாந்தி. வெளிச்சம் பட்டாலே முனகினாள். கழுத்து மரக்கட்டை மாதிரி விறைத்திருந்தது.

"மூளையைச் சுத்தியிருக்கிற உறையில கிருமி புகுந்திருக்குன்னு சந்தேகப்படறேன்," என்றாள் சின்ன டாக்டர். "மருந்து ஏத்த ஆரம்பிச்சாச்சு. ஆனா முதுகுல ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்த்தே ஆகணும்."

"கூடாது," என்றார் அப்பா.

"சார்..."

"மருந்துதான் ஏறுதே. அப்புறம் ஊசி எதுக்கு?"

"எந்தக் கிருமின்னு தெரியாம எத்தனை நாளைக்குக் குருட்டாம்போக்குல மருந்து கொடுக்கறது, சார்?"

அத்தை அவர் பக்கம் திரும்பினாள். "என்னடா, நீயே கூடாதுங்கற? தண்டுவடத்துல பட்டு, கால் கீல் போயிடுமா?"

சின்ன டாக்டர்தான் சொன்னாள். "படாதும்மா. தண்டுவடம் இடுப்புக்கு மேலயே முடிஞ்சிடுது. அதுக்குக் கீழ நரம்பெல்லாம் நூல் நூலா நீர்ல மிதக்கும். ஊசி வந்தா ஒதுங்கி வழி விட்டுடும்."

"ஆயிரத்துல ஒண்ணு தப்பாகாதா?" என்று மடக்கினார் அப்பா. "அந்த ஒண்ணு என் பொண்ணா இருந்தா நீ பதில் சொல்லுவியா?"

சின்ன டாக்டர் ஒப்புதல் படிவத்தை அவர் பக்கம் நீட்டினாள். நர்ஸ் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "வீட்டுல வாய் கிழியப் பேசறது, இங்க வந்து தொடை நடுங்கறது! கொடும்மா, நான் போடறேன் கையெழுத்து. நீங்க போய் அந்த மூலையில நில்லுங்க."

போய் நின்றார். பெண்ணை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முழங்காலை வயிற்றோடு மடக்கிப் பிடித்தாள் நர்ஸ். ஊசி இறங்கும்போது அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். தெளிவாக வரவேண்டிய நீர், அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி கலங்கி வந்தது.

பரிசோதனையில் கிருமி மாட்டிக்கொண்டது. அதற்கென்றே உள்ள மருந்தாக மாற்றினார்கள். காய்ச்சல் ஒரே நாளில் விடவில்லை. சண்டை போட்டுத்தான் இறங்கியது.

ஒரு காலையில், "ஜன்னலைத் திறங்க. நான் என்ன வௌவாலா?" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது. அம்மா அழுதாள். அத்தை ஜன்னலைத் திறக்க ஓடினாள்.

அப்பா ஒரு ஸ்பூனைக் குளிர்ந்த நீரில் முக்கி, மகளின் பாதத்தில் வைத்தார். "குளிருதா?"

"குளிருது."

பஞ்சால் தொட்டார். "தெரியுதா?"

"அப்பா, கூசுது! அத்தை, இவரைக் கூட்டிட்டுப் போங்க!"

"பைத்தியமாடா உனக்கு? அவ பாத்ரூமுக்கு நடந்தே போயிட்டு வந்துட்டா," என்றாள் அத்தை.

"நடந்தா போதுமா? தொடறது தண்டுவடத்துல ஒரு பாதையில மேல போகும். குளிர் வேற பாதை. ரெண்டும் போய்ச் சேருதான்னு பார்க்க வேணாமா? இன்னும் ஒரே ஒரு தடவை..."

உள்ளே வந்த நர்ஸ் அவர் கையிலிருந்த ஸ்பூனைப் பிடுங்கிக்கொண்டு, அவரைத் தோளைப் பிடித்து வாசலுக்குத் திருப்பினாள்.

"பக்கத்து அறையில ஒருத்தர், மகனுக்கு முதுகுல ஊசி போட விடமாட்டேன்னு சின்ன டாக்டரோட மல்லுக்கு நிக்கறார். பயப்படற அப்பாக்களுக்கு எப்பவும் நீங்கதானே எடுத்துச் சொல்லுவீங்க, பெரிய டாக்டர்? கிளம்புங்க!" என்று அவரை வெளியே தள்ளி, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.