பெரிசாக்கிப் பாத்த படம்

"நுளம்பு விரட்டக் கொளுத்துற திரியாலதான் சுட்டிருக்காள்," எண்டு சொல்லிக்கொண்டு அசனார் போனில இருந்த படத்த ரெண்டு விரலால இழுத்துப் பெரிசாக்கினார்.

பொஞ்சாதி கைறுன்னிஸா கண்ணாடியப் போட்டுக்கொண்டு குனிஞ்சாள். பக்கத்து வீட்டு பர்ஸானாட பிடரி. ஆறு வயசுப் புள்ள. மயிருக்குக் கீழ கறுப்பா, கருகினமாதிரி ஒரு பொருக்கு. சுத்திவரச் சிவப்பு.

"புள்ளையிட்டக் கேட்டீங்களா?"

"கேட்டன். நோகல்லயாம், சொறியல்லயாம். சுட்ட புண் நோகாம இருக்குமா? பயத்தில மறைக்குது."

"பூச்சி ஏதும் கடிச்சிருக்கும்."

"பூச்சி கடிச்சாச் சொறியாதா? நான் உலகம் பாத்த மனிசன்கா."

அவர் பாத்த உலகம், சவூதியில ஒரு கிடங்குட வாசல். மூணு வருசமா அதைத்தான் பாத்தார்.

பர்ஸானாட உம்மா மவுத்தாகி, வாப்பா றிஸான் ரெண்டாந்தாரமா முடிச்சவள்தான் றஸீனா. முடிச்சு ஆறு மாசத்தில அவன் கட்டாருக்குப் போயிட்டான். மாத்தாந்தாய் எண்டா ஒழுங்கை முழுக்க அவள்ர கையத்தான் பாக்கும். சோறு போட்டாலும் பாக்கும், போடாட்டியும் பாக்கும்.

படம் கட்டாருக்குப் போச்சு. கீழ அசனார் ஒரு வரி எழுதினார்: 'தம்பி, எனக்கு ஒண்டும் தெரியா. நீயே பாத்துக்க.'

மறுகா, சும்மா ஒரு அபிப்பிராயம் கேக்க, ஆட்டோ ஸ்டான்டுக் கூட்டாளிமாருக்கும் அனுப்பினார்.

அண்டு திங்கக்கிழமை.

செவ்வாய்க்கிழமை விடிய றஸீனா வேலியடிக்கு வந்தாள். அழுது கண் வீங்கியிருந்திச்சு. றிஸான் போன்ல என்னென்ன சொன்னானோ.

"காக்கா, புள்ளைக்குக் காய்ச்சல் காயுது. உங்கட ஆட்டோவில ஒருக்கா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவமா?"

"காய்ச்சலுக்குப் பனடோல் இருக்குதானே."

"குடுத்தன். எறங்குதில்ல."

"ஆஸ்பத்திரியில அந்தப் பிடரியக் கண்டா பொலிசுக்குச் சொல்லுவாங்க. மறுகா நீதான் உள்ளுக்குப் போகணும். ஒனக்காகத்தான் சொல்றன்."

"நான் சுடல்ல காக்கா."

"நீ சுட்டயெண்டு நான் சொன்னனா?"

றஸீனா அவர்ட சட்டைப் பையில இருந்த போனப் பாத்தாள்.

"சனிக்கிழமை றிஸான்ட கூடப்பிறந்த ராத்தா வாறா, புள்ளையக் கூட்டிப் போக," எண்டார் அசனார். "அதுவரைக்கும் புள்ளைய எங்கயும் கொண்டு போகவேணாமாம். பாத்துக்கொள்ளச் சொல்லி எனக்குத்தான் சொல்லியிருக்கான்."

அசனார் பொறுப்பான மனிசன். சொன்னதுக்கு மேலயும் பாத்தார்; ஒழுங்கை முனையில கதிரை போட்டுக் காவலிருந்தார். றஸீனா ஸ்டான்டில கேட்டும் ஒருத்தனும் ஆட்டோவ எடுக்கல்ல. படம் அவளுக்கு முந்தியே அங்க போயிருந்திச்சு.

வெள்ளிக்கிழமை ஆம்புளைகள் எல்லாரும் ஜும்மாவுக்குப் போன நேரம் பாத்து, றஸீனா புள்ளையத் தோளில போட்டுக்கொண்டு மெயின் ரோட்டுக்கு நடந்தாள். வந்த பஸ்ஸில ஏறிட்டாள்.

தொழுகை முடிஞ்சு வந்த அசனார் செய்தி கேட்டுத் தொப்பியும் கழட்டாம ஆட்டோவ எடுத்தார்.

"எங்க போறீங்க?" எண்டாள் கைறுன்னிஸா.

"அவள் டொக்டருக்குப் பொய் சொல்லுவாள். உண்மையச் சொல்ல ஒராள் வேணாமா?"

வார்டில பர்ஸானா கண் திறக்கல்ல. உடம்பெல்லாம் சிவப்புப் புள்ளி. மூக்கில ஒரு குழாய், கையில ஒரு குழாய். மூச்சு இழுத்திழுத்து வந்திச்சு. இளவயசு லேடி டொக்டர் புள்ளைட மயிர விலக்கிப் பிடரியப் பாத்துக்கொண்டு நிண்டா.

அசனார் செருமினார். "டொக்டர், ஒரு விசயம் சொல்லணும். அந்தக் காயம்..."

"கண்டன். சுட்ட காயமெண்டு நினைச்சீங்களா? நிறையப் பேர் அப்பிடித்தான் நினைக்கிறது."

அசனார் தொப்பியக் கழட்டினார்.

"பத்தைக்குள்ள இருக்கிற ஒரு பூச்சி கடிச்ச இடம் இது. கண்ணுக்கே தெரியாத பூச்சி. நோகாது, சொறியாது, கறுத்துப் பொருக்காகும். அதோட காய்ச்சலும் வந்தா அண்டைக்கே கொண்டு வரணும். ரெண்டு குளிசை மருந்தோட சுகமாயிருக்கும். இப்ப நெஞ்சுக்கு எறங்கிட்டு."

"எண்ட புள்ள தப்புமா டொக்டர்?" எண்டு கேட்டாள் றஸீனா.

"இப்ப ஒண்டும் சொல்லேலா. இந்தப் பொருக்கு எத்தினை நாளா இருக்கு?"

றஸீனா அசனாரக் கிறுகிப் பாத்தாள்.

"அவர்ட போன்ல இருக்கு."

டொக்டர் கைய நீட்டினா. அசனார் குடுக்காம இருக்க வழியில்ல. படத்த எடுத்துக் குடுத்தார்.

"திங்கக்கிழமை எடுத்திருக்கீங்க," எண்டா டொக்டர். "இண்டைக்கு வெள்ளி."

பிறகு ரெண்டு விரலால படத்தச் சின்னதாக்கினா. இவ்வளவு நாளும் எவரும் பாக்காத முழுப்படம் வந்திச்சு.

பர்ஸானா ஒரு ஆட்டுக்குட்டியத் தூக்கிக்கொண்டு முதுகக் காட்டி நிக்கிறாள். அசனார்ட ஆட்டுக்குட்டி. அது ஓடிப்போற நேரமெல்லாம் அவர் அவளைத்தான் கூப்பிடுவார். புடிச்சுக் குடுத்தா ஒரு டொபி. அவளுக்கு முன்னால, அவள்ர தலைக்கு மேல வளந்த பத்தை. வெட்டித் துப்பரவாக்கச் சொல்லி சுகாதாரப் பரிசோதகர் ரெண்டு தரம் அசனார்ட்ட வந்து போன வளவு.

"இந்தப் பத்தைக்குள்ளயா புள்ள போறது? இது ஆர்ட வளவு?"

றஸீனா புள்ளைட கால நீவிக்கொண்டிருந்தாள்.

டொக்டர்ட கையில இருந்த போன் 'டிங்' எண்டிச்சு. கட்டாரில இருந்து. அசனார் அவசரப்பட்டுப் பறிக்கப்போக, விரல் பட்டு றிஸான்ட குரல் வார்டு முழுக்கக் கேட்டிச்சு:

"காக்கா, அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளத் தரட்டும். அவள்ர கையில இருந்து எண்ட புள்ளையக் காப்பாத்தினது நீங்கதான்."