காலியாகும் வீடு

கம்ப்யூட்டர் படித்த பெண் காற்றாலைக் காட்டில் குடித்தனம் நடத்தினால், சொந்தக்காரர்கள் வாயைச் சும்மா வைத்திருப்பார்களா? கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் கேட்காத பேச்சில்லை. நகரத்துக் கம்பெனியில் வேலை பார்க்கும் அக்கா புருஷன்தான் அதில் முதல் ஆள்.

அன்று சாயங்காலம் அவள் பாத்திரங்களைப் பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தபோது அவர் போன் செய்தார்.

“என்ன மச்சினிச்சி, வீட்டைக் காலி பண்றீங்களாமே? ஒருவழியா உனக்கு விடிவுகாலம் வந்துடுச்சா?”

“வந்துடுச்சு அத்தான்.”

“நீ தப்பிச்சே, நான் மாட்டிக்கிட்டேன். இங்க கரண்ட் பத்தலையாம். எங்க டேட்டா சென்டரையே உங்க ஊருக்குத் தூக்கிட்டாங்க. நாளைக்கே நான் அங்க சேரணும்.”

“கரண்ட் பொறக்கற இடத்துக்குத்தானே மெஷின் வரும்? அந்தக் காட்டுல காத்தைத் தவிர என்ன இருக்குன்னு நீங்கதானே கேட்டீங்க?”

“சரி சரி, குத்திக் காட்டாதே. நீ விடற வீட்டை எனக்குப் பேசி முடி.”

“முடிச்சாச்சு அத்தான்.”

“கெட்டிக்காரி! ஆமா, சிட்டில எங்க வீடு பாத்திருக்கீங்க?”

“சிட்டிலயா? இங்க மேட்டுல புதுசா பங்களா கட்டியிருக்காங்கல்ல, அங்கதான் போறோம்.”

“ஏய், அது எங்க சென்டர் தலைவருக்குக் கட்டினதாச்சே!”

“ஆமா அத்தான். காற்றாலை கன்ட்ரோல் ரூம்ல ஏழு வருஷம் கரண்ட் போகாம பாத்துக்கிட்ட ஆளுதான் தலைவரா வேணும்னு உங்க முதலாளியே வந்து என்னைக் கூப்பிட்டார்.”



மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அத்தான் வேலையில் சேர்ந்தார். அவளை “மேடம்” என்று கூப்பிட்டார்.