நடுங்கிய கை

"அந்த மேசையில திரும்ப இருந்து விளையாடிக் காட்ட என்னால ஏலாது, அரியம். ஆனா உம்மை ஒருக்கால் பார்க்கவேணும். வீட்டை வாறீரோ?"

தொலைபேசியில் றெனோல்டின் குரலை அரியரத்தினம் உடனே அடையாளம் கண்டுகொண்டார். பத்து வருடங்களாக இருவரும் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொண்டதில்லை. "ஓம் அண்ணை, ஞாயிற்றுக்கிழமை வாறன்" என்று மட்டும் சொன்னார்.

மொன்றியலில் சீட்டைக் கையால் தொட்ட தமிழர் எல்லோருக்கும் அவர்கள் இருவரின் கதை தெரியும். பத்து வருடங்களுக்கு முன், நகரின் பெரிய ஹோட்டல் ஒன்றில் போக்கர் சாம்பியன் போட்டியின் இறுதிச் சுற்று நடந்தது. நூற்றுக்கணக்கானவர்கள் ஒவ்வொருவராக எழுந்துபோக, கடைசி மேசையில் எஞ்சியது இரண்டு தமிழர். மன்னார் றெனோல்ட் ஒருவர், யாழ்ப்பாணத்து அரியரத்தினம் மற்றவர்.

முடிவைத் தீர்மானித்த ஆட்டத்தில் அரியரத்தினத்துக்கு மூன்று கிங் சேர்ந்திருந்தன. றெனோல்டிடம் ஒன்றுமே இல்லை. ஆனாலும் அவர் தன்னிடமிருந்த பந்தய வில்லைகள் முழுவதையும் மேசையின் நடுவில் தள்ளினார். பிறகு வலது கையை மேசைமேல் வைத்தார். அந்தக் கை நடுங்கத் தொடங்கியது. இடையில் அதே கையால் தண்ணீர்க் கிளாசை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

நல்ல சீட்டு வந்தவனுக்குத்தான் கை அப்படி நடுங்கும் என்பது போக்கர் ஆடுகிறவர்களுக்குத் தெரிந்த விஷயம். அரியரத்தினம் அந்தக் கையையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் தன் மூன்று கிங்கையும் கவிழ்த்துவைத்துத் தோல்வியை ஒப்புக்கொண்டார். அந்த இழப்பிலிருந்து அவரால் மீள முடியவில்லை. சற்று நேரத்தில் றெனோல்ட் சாம்பியன் ஆனார்.

அந்த ஒளிப்பதிவு உலகம் முழுக்கப் பரவியது. எங்கெங்கோ இருக்கிற ஆட்டக்காரர்கள் அந்த நடுக்கத்தைக் கண்ணாடி முன் பழகினார்கள். 'றெனோல்ட் நடுக்கம்' என்று அதற்குப் பெயரும் வந்துவிட்டது. போக்கர் மேசையில் இதைவிடச் சிறந்த நடிப்பு இருந்ததில்லை என்றார்கள். றெனோல்ட் அதற்குப் பிறகு எந்த மேசையிலும் உட்காரவில்லை. எங்கே நிறுத்தவேண்டும் என்று தெரிந்த மனிதர் என்று அதையும் புகழ்ந்தார்கள்.

அரியரத்தினத்துக்கு மிஞ்சியது கேலிதான். பிறந்தநாள் வீடுகளில் முந்நூற்றி நாலு என்ற சீட்டாட்டம் விளையாடுகிறவர்கள்கூட, எவராவது தயங்கினால், "அரியத்தார் மாதிரிப் பயந்து சீட்டை வைச்சிடாதை" என்பார்கள். அவருடைய மகளின் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் தோழன் மேடையில் இதையே பகிடியாகச் சொன்னான். மண்டபமே சிரித்தது. அவரும் சிரித்தார். ஏன் சீட்டை வைத்தீர்கள் என்று மனைவி கேட்டபோதும், "பிழையாக் கணிச்சிட்டன்" என்பதற்குமேல் அவர் ஒன்றும் சொன்னதில்லை.

பத்தாவது ஆண்டு நிறைவுக்கு அந்த ஆட்டத்தை மேடையில் அப்படியே மீண்டும் ஆடிக்காட்ட வேண்டும் என்று தனுஜன் என்ற அமைப்பாளர் இருவரையும் அழைத்திருந்தார். அரியரத்தினம் சம்மதித்திருந்தார். றெனோல்டிடமிருந்துதான் அந்தத் தொலைபேசி அழைப்பு வரும்வரை பதில் இல்லாமல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அரியரத்தினம் மெட்ரோவில் ஆற்றைக் கடந்து லொங்குய்ய் என்ற ஊருக்குப் போய், பஸ் எடுத்து, அந்த வீட்டைத் தேடிப் பிடித்தார். றெனோல்டின் மனைவி நிரஞ்சனி கதவைத் திறந்து, பின்னறைக்குக் கூட்டிப்போனாள். வெளியே நல்ல வெயில். றெனோல்ட் சாய்வு நாற்காலியில் மடிவரை போர்வை போட்டு உட்கார்ந்திருந்தார். மெலிந்துபோயிருந்தார். இருவரும் பிள்ளைகளைப் பற்றி விசாரித்தார்கள்.

றெனோல்ட் போர்வையை விலக்கினார். தொடைமேல் கிடந்த வலது கை ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தது. இடது கையும் இலேசாக ஆடியது.

"நான் நடிக்கேல்லை, அரியம். அண்டைக்கு அந்த மேசையிலதான் இது முதல்முதல் வந்தது. ஏன் நடுங்குது எண்டு எனக்கே விளங்கேல்லை. அடுத்த பனிக்காலம்தான் டொக்டர் பார்க்கின்சன் எண்டு சொன்னவர்."

உலகமே நடிப்பு என்று கொண்டாடியபோது நோய் வருத்தம் என்று சொல்லித் திரிய மனம் வரவில்லை என்றார் அவர். பரிதாபத்தைவிடப் புகழ் நன்றாக இருந்தது. அதற்காகவே ஆட்களைச் சந்திப்பதை விட்டார், லொங்குய்ய்க்கு வீடு மாறினார். ஆனால் அரியரத்தினத்தின் மகளின் கல்யாணத்தில் நடந்ததை யாரோ சொல்லக் கேட்டதிலிருந்து அவரால் நிம்மதியாக இருக்க முடியவில்லை.

"மேடைக்கு வாறன். விளையாட இல்லை, இந்தக் கையைக் காட்ட. நீர் பயந்து சீட்டை வைக்கேல்லை. என்ர வருத்தம்தான் உம்மை ஏமாத்தினது எண்டு எல்லாருக்கும் முன்னால சொல்லப்போறன்."

கதவருகே நின்ற நிரஞ்சனி கண்ணைத் துடைத்தாள். அரியரத்தினம் நாற்காலியை அருகில் இழுத்துப்போட்டு, அந்த வலது கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் எடுத்து வைத்துக்கொண்டார்.

"வேண்டாம் அண்ணை. சொல்லவேண்டாம்."

"ஏன்? உம்மட பேர் கெட்டது போதாதோ?"

"நான் ஏமாறேல்லை அண்ணை" என்றார் அரியரத்தினம் மெதுவாக. "என்ர அப்பாவுக்கும் இப்பிடித்தான் துவங்கினது. சும்மா வைச்சிருக்கேக்க நடுங்கும், ஏதும் எடுக்கப்போனால் நிண்டிடும். அண்டைக்கு மேசையில நீங்கள் தண்ணிக் கிளாசைத் தூக்கேக்க உங்கட கை நிண்டதைப் பார்த்தனான். அந்த நடுக்கம் சீட்டுக்காக இல்லை எண்டும், அது உங்கட கடைசி ஆட்டம் எண்டும் உங்களுக்குத் தெரிய முதலே எனக்குத் தெரிஞ்சிட்டுது. அதுதான் வேணுமெண்டே சீட்டை வைச்சனான்."